நாலாம் மாடிக்கு ஒரு லிஃப்ட்

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் வைக்கும் பொறுப்பை நாலாம் மாடி மேனேஜர் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் மனைவி இரண்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். தூக்கி இறக்கினால் முதுகு தாங்காது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அக்கா தெருவைப் பார்த்ததில்லை. இவரைவிட அக்கறையாக வேறு யார் செய்வார்கள்?

அலுவலகத்தில் பெரிய பெரிய திட்டங்களை முடித்துக் கொடுக்கிறவராம். கீழ்ச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினார். வீட்டுக்கு ஒரு கட்டம். நிபந்தனையை எழுதலாம், நிறைவேறினால் பச்சை அடிப்பார். எழுதச் சொன்னால் நாங்கள் விடுவோமா? முதல் மாடி நர்ஸுக்கு ராத்திரி டியூட்டி, பகலில் துளை போடக்கூடாது. டியூஷன் வாத்தியாருக்கு மாலையில் சத்தம் ஆகாது. கீழ்வீட்டுக்காரருக்கு மழைக்கு முன்னால் முடிய வேண்டும். நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. என் சமையலறை ஜன்னலை மறைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

மேனேஜருடைய கட்டம் மட்டும் காலி.

"நீங்க ஒண்ணும் எழுதலையா அண்ணா?"

"நமக்கென்னம்மா தனியா? லிஃப்ட் வந்தாப் போதாதா!"

லிஃப்ட்காரர் வந்து அளந்தார். "ஜன்னல் தப்பிக்கணும்னா கூண்டைச் சின்னதாக்கணும் சார்."

"நாலு பேர் நிக்கலாம்ல? போடுங்க."

மழைக்கு முன்பே முடிந்தது. எல்லாக் கட்டமும் பச்சை. மனுஷர் முகத்தில் அப்படியொரு பெருமை. அக்கா புதுப்புடவை கட்டி, தலை வாரி, நாற்காலியில் வந்தார். கதவு திறந்தது. சக்கரம் இரண்டு பக்கமும் இடித்து நின்றது. மூன்று விரல்கடை அகலம் போதவில்லை.

"கொஞ்சம் சாய்ச்சுத் தள்ளுங்க," என்றார் நர்ஸ்.

"சும்மாயிரும்மா. முதுகு வலிக்கும் அவளுக்கு."

சின்ன நாற்காலியில் அக்காவால் உட்கார முடியாது. தூணெல்லாம் கான்கிரீட், இடித்துத்தான் மாற்ற வேண்டும் என்றார் லிஃப்ட்காரர்.

"நாலு பேர் நிக்கலாம்னுதானே கேட்டீங்க," என்றார் அக்கா. கோபமே இல்லை. "சரி, வீட்டுக்குள்ள தள்ளுங்க. புடவையை மாத்தணும்."

மறுவாரம் மேனேஜர் கீழே கூட்டம் போட்டு, இன்னொரு முறை செய்யலாமா என்று கேட்டார். வாத்தியார் பரீட்சை என்றார். நர்ஸ் தூக்கம் என்றார். நான் எழுந்து தண்ணீர் குடித்தேன்.

கலைந்ததும் நாங்கள் லிஃப்டில் ஏறிக்கொண்டோம். இன்னும் ஒருவருக்கு இடமிருந்தது. மேனேஜர் படியேறிப் போனார்.