மூன்றாம் காட்சியில் அழுதவர்

அப்பாவுக்கு எதிராக எங்கள் குடும்பத்தில் இருந்தது ஒரே ஒரு சாட்சி. அது பேப்பரில் வந்தது என்பதால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மாவின் அண்ணன், என் மாமா, அதைக் கத்தரித்து மணிபர்ஸில் வைத்திருந்தார். நாற்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ பர்ஸ் கிழிந்து மாறியது. அந்தத் துண்டு மட்டும் ஒவ்வொன்றிலும் குடியேறிக்கொண்டே இருந்தது.

"பிச்சைக்காரனாக வேடமேற்றவர் மூன்றாம் காட்சியில் மகளை நினைத்து அழுதபோது அரங்கமே சேர்ந்து அழுதது." இதுதான் அந்த வரி. நாடக விமர்சனத்தில், அம்மா செத்த மறுநாள் காலையில் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் குழாயடியில் மயங்கி விழுந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிச்சைக்காரனாக நடித்தவர் என் அப்பா. பெண்டாட்டி சாகும்போது அந்த ஆள் மேடையில் கைத்தட்டல் வாங்கிக்கொண்டிருந்தான் என்று மாமா சொன்னார். பேப்பரும் அதையே சொன்னது.

அப்பா சொன்ன கதை வேறு. முதல் இடைவேளையில் கொட்டகைக்கு போன் வந்ததாம். வேஷத்தோடு ஓடினாராம். கிழிந்த கோட்டும், முகத்தில் வரைந்த புண்ணும், சட்டைப் பையில் காலணா இல்லாமலும் வந்தவரை ஆஸ்பத்திரி வாசல் காவலாளி உள்ளே விடவில்லையாம். என் பெண்டாட்டி உள்ளே இருக்கிறாள் என்று கத்தினாராம். சிரித்தார்களாம், பிறகு தடியால் அடித்து விரட்டினார்களாம். எதிர் நடைபாதையில் நின்றிருந்தவருக்கு, விடிந்து வேறு காவலாளி வந்து சொல்லித்தான் எல்லாம் முடிந்துபோனது தெரிந்ததாம்.

"முகத்தைக் கழுவிட்டுப் போயிருக்கலாமே?" என்று மாமா கேட்டார்.

"தண்ணியில போற சாயம் இல்ல மச்சான் அது. எண்ணெய் வேணும்."

"கேக்கறவன் கேனையனா இருந்தா என்ன வேணா சொல்லுவே. நடிக்காதே."

நாடகக் குழுவினரைக் கேளுங்கள் என்றார் அப்பா. "அவங்களும் நடிகருங்கதானே" என்றுவிட்டார் மாமா. அத்தோடு முடிந்தது.

எனக்கு அப்போது ஐந்து வயசு. அப்பா அந்தக் காலையில் வீட்டுக்குள் வந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கன்னத்தில் சிவப்பும் கறுப்புமாகப் புண்கள். நான் வீறிட்டுக் கத்தி, சித்தியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேன். அப்பா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் மேடைப்பக்கமே போகவில்லை. பஸ் நிலையத்தில் பார்சல் எடைபோடுகிற வேலை. என்னைச் சித்தி வளர்த்தாள். வாரம் ஒருமுறை அப்பா வந்து, வாசற்படிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவர் எதைச் சொன்னாலும், கால் வலி என்றாலும் வெயில் ஜாஸ்தி என்றாலும், எங்கள் வீட்டில் ஒரே பதில்தான். நடிக்காதே. பதிமூன்று வயசில் நானும் அதைக் கற்றுக்கொண்டேன். மரியாதை கெடாமல் "நடிக்காதீங்கப்பா" என்பேன்.

அப்பா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

விதி எனக்கு வேலை கொடுத்த இடம் ஒரு பத்திரிகை ஆபீஸின் கீழ்த்தளம். பழைய பேப்பர்களை வருஷத்துக்கு ஒரு கட்டாகத் தைத்து அடுக்கியிருக்கிறார்கள். ஊரில் நடந்த நாடகங்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். தேதி, அரங்கம், நாடகத்தின் பெயர், யார் எந்த வேஷம், எந்தப் பக்கத்தில் வந்தது. "பேப்பர்ல என்ன இருக்கோ அதை எழுது, உன் ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம்" என்பது மேலாளரின் கட்டளை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஆறு மாதமாகப் புரட்டுகிறேன். அம்மா செத்த வருஷத்தின் கட்டை மட்டும் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்திருந்தேன். கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று.

அந்தக் காலத்து நாடக விமர்சனம் எல்லாம் ஒரே ஆள் எழுதினது. "மூன்றாம் மணி" என்று புனைபெயர். மூன்றாவது மணி அடித்துத் திரை விலகினதும் பேனாவைத் திறப்பாராம், அப்படி ஒரு பெருமை. நானும் நம்பினேன், போன செவ்வாய்க்கிழமை வரை.

அன்றைக்குப் பார்த்த பேப்பரின் ஆறாம் பக்கத்தில் அவர் ஒரு சரித்திர நாடகத்தைப் புகழ்ந்து தள்ளியிருந்தார். அரங்கம் நிரம்பி வழிந்தது, ராணியின் சிரிப்பில் விளக்குகள் மங்கின, இத்யாதி. அதே பேப்பரின் முதல் பக்கத்தில் ஒரு செய்தி. மாலை ஆறரை மணிக்கு அதே அரங்கின் கூரை மழையில் இடிந்து விழுந்து, நாடகம் ரத்து. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். மனுஷன் நாடகத்தைப் பார்க்கவே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் சுலபமாகப் புரிந்தது. ஆறாம் பக்கம் ஏழு மணிக்கே அச்சுக்குப் போய்விடும். நாடகம் முடிய ஒன்பதரை ஆகும். விமர்சனமோ மறுநாள் காலையிலேயே வந்தாக வேண்டும். ஒத்திகையை எட்டிப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் மணி அடிப்பதற்குள் மூன்றாம் மணியின் வேலை முடிந்துவிடும்.

சிரிப்பு பாதியில் நின்றது. மாமாவின் பர்ஸில் இருந்த துண்டின் அடியிலும் "மூன்றாம் மணி" என்றுதான் இருக்கும்.

ஏணி போட்டு அந்தக் கட்டை இறக்கினேன். விமர்சனம் அதே இடத்தில் இருந்தது, ஆறாம் பக்கம். அரங்கமே சேர்ந்து அழுதது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளாகப் புரட்டினேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இருபத்தாறு நாள் தள்ளி, வாசகர் கடிதப் பகுதியின் அடியில், குடிநீர்க் குழாய் பற்றிய புகாருக்குக் கீழே அது இருந்தது.

"ஐயா, தங்கள் நாளிதழில் சென்ற மாதம் வெளியான விமர்சனத்தில் பிழை நேர்ந்துள்ளது. அன்று பிச்சைக்காரனாக நடித்து வந்தவர், முதல் இடைவேளையில் மனைவியின் நிலை குறித்துத் தொலைபேசி வந்ததும் வேடம் கலைக்காமலே ஓடிவிட்டார். மூன்றாம் காட்சியில் அழுதது அடியேன். நாடகப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை. பதினேழு ஆண்டுகளாகத் திரைக்குப் பின்னால் நின்று பிறருக்கு வசனம் எடுத்துக் கொடுத்து வருகிறேன். மேடையேறியது அந்த ஒரு நாள்தான். ஆகவே பாராட்டு எனக்கே உரியது. அந்த நண்பர் மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை. அவருடைய துயரத்தில் பங்கு கொள்கிறேன்."

அந்த மனிதர் அப்பாவுக்காக எழுதவில்லை. தன் பாராட்டைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறார். அதனாலேயே அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இருக்க வழியில்லை. துக்க வீட்டில் யார் அப்போது பேப்பர் பார்த்தார்கள்? குழுவும் வேறு ஊருக்குப் போய்விட்டது. அப்பாவுக்கே இது தெரியாமல் போயிருக்கும்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நாடகம் முடிந்தால் எந்த நடிகனும் முதலில் வேஷத்தைத்தான் கலைப்பான். அவர் கலைக்காமல் வந்தார். அந்த முகமே சாட்சியாக எங்கள் கூடத்தில் நின்றது. நான் அதைப் பார்த்துத்தான் அலறினேன்.

அப்பா எனக்குக் கடைசியாக போன் பண்ணினது ஒரு புதன்கிழமை. "நெஞ்சுல என்னவோ பண்ணுதும்மா. ஒரு எட்டு வந்துட்டுப் போறியா?" என்றார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் வெள்ளிக்கிழமை போய்விட்டார். கீழ்த்தளத்தில் அந்தக் கட்டின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, காகிதம் நனைந்துவிடுமே என்ற கவலைகூட இல்லாமல் அழுதேன்.

மறுநாள் கடிதத்தை நகல் எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். எண்பத்திரண்டு வயசு. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைத் தீட்டிக்கொண்டே போனேன்.

பூதக்கண்ணாடி வைத்து வாசித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பர்ஸைத் திறந்து அந்தத் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மடிப்புகளில் எழுத்தே போய்விட்டிருந்தது.

"ஆஸ்பத்திரியில உங்கம்மா ரெண்டாவது மாடியில படுத்திருந்தா" என்றார். "கீழே வாசல்கிட்ட ஒரு பிச்சைக்காரன் கத்திக்கிட்டே இருந்தான். என்ன கத்தறான்னு காதுல விழல. அவ தலைவலின்னு துடிக்கிறா. நான்தான் ஜன்னல்ல நின்னு, அவனை விரட்டுங்கய்யான்னு சத்தம் போட்டேன். அடிச்சாங்க. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

துண்டின் மடிப்பை விரலால் நீவினார்.

"காலையில அந்த வேஷத்தோட உங்கப்பா வந்து நிக்கறாரு. ராத்திரி அடி வாங்கினவன் இவருதானோன்னு தோணிடுச்சு. அப்புறம் பேப்பர் வந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சும்மா. அவரு கொட்டகையிலதான் இருந்தாரு, அது வேற யாரோன்னு. இந்தத் துண்டை விட்டா எனக்கு வேற கதி இல்ல."

சொல்லிவிட்டு அவர் அழ ஆரம்பித்தார். வாய் கோணி, தோள் குலுங்கி, சத்தமாக. பழக்கதோஷம், என் நாக்கு நுனிக்கு அந்த வார்த்தை வந்துவிட்டது. நடிக்காதீங்க மாமா. பல்லைக் கடித்து விழுங்கினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.