நீலம் பாரித்த கை

வெந்நீர்ச் செம்பைச் சாய்க்கும்போதுதான் புஷ்பமேரி செத்துக் கிடந்த தங்கை அமலியின் கையைச் சரியாகப் பார்த்தாள். தோளிலிருந்து முழங்கை வரை நீலம் பாரித்திருந்தது. இடுப்பிலும் அப்படியே. கெண்டைக்காலில் எறும்பு கடித்ததுபோல் சிவப்புப் புள்ளிகள். சோப்புப் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அருள்மேரி கையை இழுத்துக்கொண்டாள்.

“இப்படியா அடிப்பான் பாவி,” என்றாள்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அடுத்த செம்பு ஊற்றுவதற்குள் பேச்சு வாசலுக்குப் போய்விட்டது. சேலை மறைப்புக்கு வெளியே தம்பி இருதயசாமி வந்து நின்றான். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை அவன் அக்குளில் இருந்தது.

“நெசமாக்கா?”

அவள் வாயைத் திறக்குமுன் அவனே சொன்னான்: “நான் கோடி போட மாட்டேன். போலீசுக்குச் சொல்லிவிடுறேன். அறுத்துப் பாக்கட்டும்.”

பிறந்த வீட்டுக் கோடி விழாமல் பெட்டியை மூடுகிற வழக்கம் இங்கே இல்லை. விழாவிட்டால், அமலியின் புருஷன் பரமானந்தம் சாகும்வரை பெண்டாட்டியைக் கொன்றவன்தான். பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை பார்க்கிற அந்த மனுஷன் பேரிக்காய் மரத்தடியில் பேசாமல் நின்றான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்று புஷ்பமேரிக்கு ஆத்திரமாக வந்தது.

“அது நோவுடா. மதுரையில சொன்னாங்கள்ல, ரத்தத்த ஒறைய வைக்கிற அணு கம்மின்னு.”

“புத்துன்னாங்க. அப்புறம் இல்லன்னாங்க. எதக்கா நம்புறது?”

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. முதலில் பார்த்தவர் சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்தார். அடுத்தவர் ரத்தப் புற்று என்றார். அன்றைக்கு இந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மதுரையில் ஒரு டாக்டரம்மாதான் எலும்புக்குள் ஊசி விட்டு எடுத்துப் பார்த்து, புற்று இல்லை என்று அடித்துச் சொன்னாள். “காவலுக்கு விட்ட நாயே கோழியக் கடிக்கிற கதைம்மா. இவங்க உடம்பே அந்த அணுவ அழிக்குது. சின்னப் பிள்ளையிலயே இருந்திருக்கும்.” மாத்திரையில் அமலியின் முகம் உப்பியது. கண்ணாடியைப் பார்த்து, “பூசணிக்கா,” என்று சிரித்தாள். கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தாள். நேற்றுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டதாம்.

சின்னப் பிள்ளையிலேயே. புஷ்பமேரி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பிளம்ஸ் காலம். பங்களா மரத்தில் இரண்டு பேரும் ஏறினார்கள், இரண்டு பேரும் விழுந்தார்கள். விடிந்து பார்த்தால் இவளுக்கு ஒன்றுமில்லை, அமலிக்கு உடம்பெல்லாம் நீலம். அவளுக்கு மூக்கில் ரத்தம் வந்தாலும் பிளம்ஸ் சாறு என்று அம்மா திட்டுவாள். எவ்வளவு இனிப்பான பழம் அது. இரண்டு பேரும் ஒரே பழத்தை மாறி மாறிக் கடிப்பார்கள். அந்த நீலத்தைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்து சிஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டு விட்டார். அப்பா கைகட்டி நின்று, “நான் தொடலீங்க சிஸ்டர்,” என்றார். யாரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவர் அமலியைத் தூக்கியதே இல்லை. தூக்கச் சொல்லி அவள் கையை நீட்டினாலும் நகர்ந்து போய்விடுவார்.

“ஏலே, அப்பா நம்மள அடிச்சிருக்காரா?”

“அப்பாவா? அவரு யார அடிச்சாரு?”

“இதே நீலத்துக்கு அவரையும் நிறுத்திவச்சுக் கேட்டாங்கடா. நீ அப்ப தொட்டில்ல கெடந்தே. பரமானந்தம் யாருன்னே அன்னைக்கி நமக்குத் தெரியாது.”

அருள்மேரி வாளித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

இருதயசாமி சேலையை உதறி அக்காவிடம் நீட்டினான்.

உடுத்தி முடித்ததும் பெட்டி வந்தது. தூக்குவதற்காக இருதயசாமி அமலியின் மேல்கையைப் பிடித்தான். அதுவரை மரத்தடியிலேயே நின்ற பரமானந்தம் வேகமாக வந்தான்.

“அழுத்திப் புடிக்காத மாப்ளே,” என்றான். “கன்னிப்போயிரும்.”

இருதயசாமி பிடியை விட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மெதுவாக அவள் முதுகுக்கு அடியில் கொடுத்தான்.