கால் அங்குலம் குறைவு

அந்தச் சனிக்கிழமை காலை சர்ச்சின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள்: மார்லிஸ் டைக்ஸ்ட்ரா, எங்கள் குவில்ட் சங்கத்தின் தலைவி, ஞாயிற்றுக்கிழமைக் குரலை வாரம் முழுவதும் வைத்திருப்பவள்; ஆர்லெட் ஹொய்யம், பல் டாக்டரிடம் முப்பது வருடம் உதவியாளாக இருந்து ஓய்வு பெற்றவள், அயோவாவிலேயே கூர்மையான மூக்கு தன்னுடையது என்று நம்புகிறவள்; ட்வைலா சாண்ட்விக், எதற்கும் தலையாட்டுகிறவள்; பிறகு நான், லோர்ன் பெட்ராக், சங்கத்தின் ஒரே ஆண். டாம்ரா கிஸ்லிங் இன்னும் வரவில்லை. வருவதற்குள் அவள் விஷயத்தை முடித்துவிட்டோம்.

அந்த வருடம் எங்கள் குவில்ட் போர்வை டாம்ரா வரைந்த கட்டத்தை வைத்துத்தான். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்தால் ஒரு கட்டம், அப்படிப் பன்னிரண்டு கட்டம் சேர்ந்தால் ஒரு போர்வை. ஆளுக்கு ஒன்று தைப்பதாக ஏற்பாடு. பூக்கூடை, நட்சத்திரம் எல்லாம் பழைய சமாசாரம், நாங்கள் நவீனக்காரர்கள் என்று மார்லிஸ் எல்லோரிடமும் சொல்வாள். ஏழு வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் நவீனமாக ஒன்றும் தோன்றியதில்லை. டாம்ராவுக்குத் தோன்றியது. வெளிர்சாம்பல் நிறத்தில் வெறும் வெளி. ஒரு மூலையிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு கிளம்பி, பாதியில் ஒடிந்து திரும்பி, ஓரத்துக்கு வருமுன் நின்றுவிடும். அவ்வளவுதான். கட்டங்களை வேறுவேறு பக்கம் திருப்பி அடுக்கினால் கோடுகள் ஒன்றையொன்று தேடிப் போய்த் தொடாமல் நிற்கும். முதல்முறை காகிதத்தில் வெட்டித் தரையில் பரப்பியபோது ஆர்லெட்கூட வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அதை டாம்ரா வரைந்தது காரில். மகன் மல்யுத்தப் பயிற்சி முடித்து வரும்வரை ஸ்டீயரிங்மேல் கணக்கு நோட்டை வைத்து வரைவாள். வாரத்தில் ஆறு நாள் மாலையில் பன்றி இறைச்சி ஆலையில் கத்தி பிடிக்கிற வேலை. சனி ஞாயிறு காலை முதியோர் இல்லச் சமையலறை. கணவன் லாரியோடு எங்கோ நெவாடாவில். வீட்டில் தையல் மெஷின் துணி உலர்த்தும் மெஷினின் தலையில் உட்கார்ந்திருக்கும், நின்றுகொண்டுதான் தைப்பாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவாளாம்.

அக்டோபரில் தலைநகர் டெ மாயினில் கண்காட்சி. போர்வைக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கும். வடிவமைத்தவர் பெயர் மேலே, தைத்தவர்கள் பெயர் கீழே. அந்த அட்டையைச் சின்ன மகளுக்குக் காட்ட வேண்டும் என்று டாம்ரா இரண்டு மாதம் முன்பே ஆலையில் விடுப்பு வாங்கி வைத்திருந்தாள். சங்கத்தில் ஒரு விதி உண்டு: போர்வையில் கட்டம் இல்லாதவருக்கு அட்டையில் பெயர் இல்லை. எப்போதோ தைக்காமல் ஏமாற்றிய ஒருத்திக்காக மார்லிஸ் போட்ட விதி.

கட்டங்கள் எல்லாம் உறையில் வந்திருந்தன. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் பைக்குள், கூடவே ஒரு சீட்டு: புகை பிடிக்காத வீடு, பூனை இல்லாத வீடு. இது எங்கள் மரியாதை. சீட்டைப் படித்துவிட்டு மோந்தும் பார்ப்போம். இதுவும் எங்கள் மரியாதைதான்.

டாம்ராவின் பையைப் பிரித்ததும் ஆர்லெட்டின் மூக்கு ஏறியது.

"இதைக் கொஞ்சம் மோந்து பாரு, ட்வைலா."

"சோப்பு வாசனைதான் வருது."

"அதுக்கு அடியில."

ட்வைலா மறுபடி மோந்தாள். "ஆமா. அடியில."

மார்லிஸ் அதை மூக்கருகே கொண்டுபோகாமலேயே உதட்டைச் சுருக்கினாள். "ஒருத்தர் மேல வர்ற வாசனையைப் பத்திப் பேசறது நல்லாயிருக்காது. லோர்ன், நீ அங்க வேலை பாத்தவன். நீயே சொல்லிடு, நாங்க பேசல."

ஆறு வருடம் அந்த ஆலையில் ராத்திரி ஷிப்ட். ஒருநாள் இடைவேளைக்கு வெளியே வந்தவன் உள்ளே திரும்பவில்லை. அங்கத்து வாசனை தெரியும்: காய்ந்த கொழுப்பு, ப்ளீச், அதற்குக் கீழே ஈர இரும்பு மாதிரி ஒன்று. எத்தனை குளித்தாலும் நகக்கண்ணில் நிற்கும். மோந்து பார்த்தேன். மூன்று வகை சோப்புக்குக் கீழே அது இருந்தது.

"ஆமா," என்றேன்.

நாய்க்குக் காட்டினால் நாயும் இதைத்தான் செய்திருக்கும். நாய்க்கு வாலாவது ஆட்டத் தெரியும்.

மார்லிஸ் அளவுகோலை எடுத்து அந்தக் கட்டத்தின்மேல் வைத்தாள். அவள் முகம் தெளிந்தது. "பன்னெண்டே கால். பன்னெண்டரை இருக்கணும். கால் அங்குலம் குறைவு. பாவம்."

"பாவம்," என்றாள் ட்வைலா.

எப்படிக் குறைந்தது என்று எனக்குத் தெரியும். வெட்டுவதற்கு முன்பே துணியைத் துவைக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. போர்வை முடியும்வரை தண்ணீரே காட்டக்கூடாது என்பது இன்னொரு கட்சி. இதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட அக்கா தங்கைகள் எங்கள் ஊரில் உண்டு. ஆனால் தைத்த கட்டத்தை நடுவில் யாரும் துவைக்க மாட்டார்கள். சுருங்கும், கோணும், ஓரம் பிரியும். டாம்ராவுக்கு இது தெரியாமல் இல்லை. அந்த மூவருக்கும் தெரியாமல் இல்லை.

அவள் பத்தே காலுக்கு வந்தாள். சமையலறைத் தொப்பியின் ரப்பர் நெற்றியில் கோடு போட்டிருந்தது.

"நாப்பது நிமிஷம்தான் எனக்கு. எல்லாரோடதும் வந்துடுச்சா?"

"உக்காரு கண்ணு," என்றாள் மார்லிஸ். "பன் எடுத்துக்கோ. உள்ள நல்ல பன்றித்தொடைக்கறி."

"வேணாம் மார்லிஸ். செவ்வாக்கெழமை அது என் கத்தியைத் தாண்டித்தான் போயிருக்கும். எங்களுக்குள்ள ஏற்கெனவே பழக்கம்."

ட்வைலா மெல்வதை நிறுத்தினாள். பிறகு மென்றாள். கடுகு வழிந்து அவள் மோவாயில் நின்றது.

"உன் கட்டம் கொஞ்சம் சின்னதா இருக்கு, டாம்ரா," என்றாள் மார்லிஸ்.

"தெரியும். ஓரத்துல சாம்பல் துணி ஒரு பட்டை வச்சுடறேன். வெறும் வெளிதானே, கண்ணுக்கே தெரியாது. மெஷின் இங்கயே இருக்கு, பத்து நிமிஷம்."

"அப்புறம் மத்ததோட ஒத்துப்போகாதே."

"ஆர்லெட்டோடது பெருசா இருந்துச்சே. நீங்கதான் வெட்டிச் சரி பண்ணினதா போட்டோ அனுப்பினீங்க."

"வெட்டறது வேற, ஒட்டறது வேற," என்றாள் ஆர்லெட்.

"ஒட்டறதுதானே இங்க வேலையே? வேற எதுக்கு எல்லாரும் கூடறீங்க, பன்னு திங்கவா?"

மார்லிஸ் சிரித்தாள். அவள் சிரித்தால் பல் மட்டும் தெரியும். "உன் எண்ணத்தை நாங்க ஒண்ணும் விட்டுடல. கண்காட்சிப் படிவத்துல எவ்வளவு அழகா எழுதியிருக்கோம் பாரு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் நகலைப் படித்தாள். "அறுவடை முடிந்த வயல்களின் அமைதியில் பிறந்த வடிவம். சங்கத்தின் கூட்டுப் படைப்பு."

"எந்த வயல்?"

"அந்த மஞ்சள் கோடு. கதிர் மாதிரி."

"அது ஆலைத் தரையில அடிச்சிருக்கற கோடு. தாண்டினா சூப்பர்வைசர் கத்துவான். கொழுப்பு ஊறி ஊறி அங்கங்க பெயிண்ட் போயிடுச்சு. அதான் பாதியில நிக்குது." அவள் எங்கள் முகங்களைப் பார்த்தாள். "கூட்டுப் படைப்புன்னா? என் பேரு எங்க?"

"விதின்னு ஒண்ணு இருக்கேம்மா. நான் என்ன பண்ணட்டும்? சரி, ஓட்டுக்கு விட்டுடலாம். அளவு தவறினது வேண்டாம்னு சொல்றவங்க."

மூன்று கைகள் எழுந்தன. என் கை முழங்கால்மேல் செத்த எலி மாதிரிக் கிடந்தது.

"மூணு. லோர்னுக்கு ஆட்சேபணை இல்ல."

டாம்ரா என் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு கட்டமும் சேர்ந்தபின் பஞ்சு வைத்துப் போர்வை முழுவதையும் தைப்பது என் பெரிய மெஷினில்தான். "லோர்ன், கால் அங்குலப் பட்டையால உன் மெஷினுக்கு ஏதாவது ஆயிடுமா?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப என்னதான் விஷயம்?"

மார்லிஸ் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அதில் சர்க்கரையும் இல்லை, பாலும் இல்லை.

"நாத்தம்," என்றேன். "ஆலை நாத்தம் அடிக்குது. அதுக்கப்புறம்தான் அளவே எடுத்தாங்க. மோந்து பாத்து ஆமான்னு சொன்னது நான்."

மேசையில் வாந்தி எடுத்தவனைப் பார்ப்பதுபோல மூவரும் என்னைப் பார்த்தார்கள். ட்வைலா நாற்காலியையே நகர்த்திப் போட்டுக்கொண்டாள். மோந்ததில் அவர்களுக்கு அருவருப்பு இல்லை. சொன்னதில்தான்.

டாம்ரா தன் கட்டத்தைத் தடவினாள். "மூணு தடவை துவைச்சேன்," என்றாள். "சுருங்கும்னு தெரிஞ்சுதான். அளவைப் பட்டை வச்சுச் சரி பண்ணிடலாம், இதைத்தான் பண்ண முடியாதுன்னு நெனச்சேன்."

"யாரும் தப்பா எதுவும் சொல்லல கண்ணு," என்றாள் மார்லிஸ்.

"ஆமா, நீங்க சொல்லல. அதுக்குத்தான் ஆள் வச்சிருக்கீங்களே." என்னைப் பார்த்துச் சொன்னாள். "வெளிய வந்துட்டா போயிடும்னு நெனச்சியா லோர்ன்? உன் சட்டையை ஒருநாள் ஆர்லெட்கிட்ட குடுத்துப் பாரு."

ஆர்லெட் என் சட்டையைப் பார்த்தாள். அவள் மூக்கு அசைந்தது. தன்னால் அசைந்தது; அதற்குக் கட்டுப்பாடு கிடையாது.

டாம்ரா கட்டத்தை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். "என் நோட்டுக் காகிதம்?"

"படிவத்தோட அனுப்பியாச்சு. பதினோரு கட்டம் வேற தச்சாச்சு. இனிமே எப்படி மாத்தறது?"

"பன்னெண்டாவதை யாரு தைக்கப்போறீங்க?"

ட்வைலா மெல்லக் கையைத் தூக்கினாள். அவளிடம் மஞ்சள் துணி மிச்சம் இருந்தது என்று பிறகு தெரிந்தது. டாம்ரா வருவதற்கு முன்பே பையிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

"ஒடியற இடத்துல தையல் மடிப்பை இடது பக்கம் அழுத்து, ட்வைலா. வலது பக்கம் அழுத்தினா கோடு கோணிடும்."

"இடது பக்கமா?" ட்வைலா பேனாவைத் தேடினாள். "சூடா அழுத்தணுமா, சும்மாவா?"

"சூடா. நீராவி வேணாம்."

ட்வைலா எழுதிக்கொண்டாள். டாம்ரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. ஆலைக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் சொன்ன நாற்பது நிமிடத்தில் பாதிகூட முடியவில்லை. நான் எழுந்து பின்னால் போயிருக்கலாம். மெஷின் வேலைக்கு வேறு ஆள் பாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினோரு கட்டங்களை எனக்கு முன்னால் அடுக்கினார்கள், நான் நூல் நிறம் பார்த்தேன்.

"மேல கதவு திறந்தே கெடக்கும்," என்று மார்லிஸ் எழுந்தாள். "யார் வேணா உள்ள வந்துடுவாங்க."

படிகளில் அவள் செருப்புச் சத்தம் போய் நின்றது. கதவு சாத்தப்பட்டது. பூட்டு இரண்டு முறை திரும்பியது.