செத்துப்போன ஜூன் மேட்ச்

ரோவினா கிமிசேவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. போர்ட் மோர்ஸ்பி ஓட்டலின் குளிரூட்டிய அறையில், மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்து அவள் போட்ட ரக்பி லீக் அட்டவணை வெள்ளைப் பலகையில் இருந்தது. அதில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் நீல் கார்மோடி துணியால் துடைத்தார். 'ஜூன், கொரோகா' என்று இருந்த இடத்தில் 'ஜூன், சிட்னி' என்று எழுதினார். பாழாய்ப் போக, கையெழுத்து வேறு அழகாக இருந்தது.

கார்மோடி சிட்னிக்காரர். பசிபிக் நாடுகளின் ஆட்டங்களைத் தொகுக்கும் குழுவின் செயலாளர். அவர் பக்கத்தில், பப்புவா நியூகினி சங்கத்தின் தலைவர் ஆகஸ்டின் தோகவாங் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சங்கத்தில் அட்டவணை போடுவதுதான் ரோவினாவின் வேலை.

"டோங்காவோட ஆடுற இது உங்க ஹோம் மேட்ச்தான் ரோவினா. அதுல மாத்தமே இல்ல" என்றார் கார்மோடி.

"எங்க ஹோம் எப்போ சிட்னிக்கு வந்துச்சு?"

"உங்க ஆளுங்க அங்க நிறைய இருக்காங்க. டோங்காக்காரங்க அதைவிட ஜாஸ்தி. ஸ்டேடியம் நிறையும், டிவிக்கும் நல்லது."

"எங்க பன்னியை உங்க வீட்டுல வெட்டி, கறியை உங்க ஆளுக்குப் பங்கு போட்டு, எங்களை வாசல்ல நிக்க வச்சு, இது உங்க விருந்துதான்னு சொல்லுவீங்களா?"

தோகவாங் தலையைத் தூக்கினார். "ரோவினாம்மா, கொஞ்சம் அடக்கி வாசி. நான் யோசிச்சுத்தான் சரின்னு சொன்னேன்."

சொந்த மண்ணில் நடக்கும் ஆட்டத்தை எங்கே வைப்பது என்று சொல்லும் உரிமை அந்தந்த நாட்டுத் தலைவருக்குத்தான். ஆக, துடைத்தது கார்மோடியின் கை, துடைக்கச் சொன்னது நம்ம ஆளின் வாய். ரோவினாவுக்கு அதுதான் தாங்கவில்லை. வெள்ளைக்காரன் ஏமாற்றினால் திட்டிவிட்டுப் போகலாம், இந்த மனுஷனை என்ன செய்வது?

அந்த ஒரு கட்டத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பு இவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது! டோங்காவின் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கிளப்புகளில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள். ஜூனில் ஒரே ஒரு வாரக் கடைசியில்தான் கிளப்புகள் அவர்களை அவிழ்த்துவிடும். அக்டோபருக்குப் பிறகு என்றால் மலைநாட்டு ஊரான கொரோகாவில் மழை. மைதானம் சேறாகிவிடும், ஆட்டக்காரர்களும் சீசன் முடிந்து முட்டி ஆபரேஷனுக்கும் பாலித் தீவுக்கும் போய்விடுவார்கள். செப்டம்பரில் கொரோகா திருவிழா, தங்க ஓர் அறை கிடைக்காது. தேர்தல் வருடத்தில் அடிதடி, நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. ஜூனில் காப்பி பறிக்கிற காலம், மலை ஜனங்கள் கையில் காசு புழங்கும். மத்தியானத்துக்கு மேல் மேகம் மலை இடுக்கை அடைத்துவிடும் என்பதால் விமானம் காலையிலேயே இறங்கியாக வேண்டும். மைதானத்தில் விளக்கு இல்லை, எனவே ஆட்டம் இரண்டு மணிக்கு. இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் வருடத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை மிஞ்சும். அந்தச் சனிக்கிழமையைத்தான் கார்மோடி துணியால் துடைத்தார்.

முன்பே இரண்டு தடவை கொரோகாவுக்கு மேட்ச் வராமல் போயிருக்கிறது. முதல் தடவை பாதுகாப்பு சரியில்லை என்றார்கள். இரண்டாம் தடவை காப்பீட்டுக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். இரண்டு தடவையும் கொரோகாவுக்குப் போய் "மேட்ச் வருது" என்று சொன்னவளும் ரோவினா, "மேட்ச் வரலை" என்று சொன்னவளும் ரோவினா. இப்போது மூன்றாவது தடவை. அவள் பிறந்து வளர்ந்த ஊர் அது. ஏதோ ஒரு டெலிபோனில் சொல்லித் தப்பிக்க முடியாது.

மறுநாள் காலை விமானத்தில் போனாள். மைதானம் இருக்கிற நிலம் அவளுடைய குலத்துக்குச் சொந்தம். குலத்துக்காகப் பேசுகிறவர் லூகா நமாரோ, அவளுக்கு அண்ணன் முறை. ஒரு காலத்தில் எதிராளி மூன்று பேரைத் தோளில் சுமந்துகொண்டே ஓடியவர். இப்போது தொப்பையைச் சுமக்கிறார். கோல் கம்பத்தடியில் பாக்கு மென்றுகொண்டிருந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன தங்கச்சி, மறுபடியுமா?"

"மறுபடியும்தான் அண்ணே. சிட்னிக்குக் கொண்டுபோயிட்டாங்க."

"யாரு, அந்த வெள்ளைக்காரனா?"

"அவன் கேட்டான். நம்ம தலைவர் குடுத்தாரு."

லூகா சிவப்பாகத் துப்பினார். கோல் கம்பத்தின் பூச்சை நகத்தால் சுரண்டினார். அவர் கத்தியிருந்தால் ரோவினாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்போ நம்ம மேட்ச் செத்துப் போச்சுன்னு சொல்லு."

"செத்துத்தான் போச்சு."

"செத்தா என்ன செய்வோம்? இழவு வீடு போடுவோம். போட்டுடலாம்."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். சாயங்காலத்துக்குள் நடு மைதானத்தில் மூங்கில் நட்டு நீலத் தார்ப்பாய் கட்டிவிட்டார்கள். பெண்கள் முகத்திலும் கையிலும் களிமண் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பாரி ஆரம்பித்தது. 'ஏ மேட்சே, உனக்காகக் கிழங்கு நட்டேனே, பன்னி வளர்த்தேனே, வாசல் வரைக்கும் வந்து செத்தியே' என்று ஒருத்தி இழுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். முதலில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்துக் குலங்களும் கரும்பும் வாழைத்தாருமாக வரத் தொடங்கின. துக்கத்துக்குப் போகாதவன் பகையாளி, அது மேட்சின் துக்கமானாலும் சரி.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. வருகிற சனிக்கிழமை அதே மைதானத்தில் தேசிய அணிக்கு மலைநாட்டுப் பையன்களைத் தேர்வு செய்யும் ஆட்டம். அணியில் பாதிப் பேர் மலைநாட்டுக்காரர்கள். இழவு வீடு கலையும்வரை அந்த மண்ணில் யாரும் பந்தைத் தொட மாட்டார்கள்.

தோகவாங் போன் செய்தார். "என்னம்மா நடக்குது அங்க?"

"இழவு, தலைவரே."

"அடடா! யாரு போனது?"

"மேட்சு."

"விளையாடுறியா? சனிக்கிழமை கார்மோடியைக் கூட்டிக்கிட்டு வர்றேன். அவரு முன்னாடி என் மானத்தை வாங்காதே. என்ன செஞ்சா இவங்க எழுந்து போவாங்க?"

"பெல் கோல் கொண்டாங்க."

"வயிறு குளிர வைக்கிறதா? பன்னி, அரிசி, அந்த மாதிரி?"

"ஆமா. எல்லார் முன்னாடியும் உங்க கையால குடுக்கணும்."

"அவ்வளவுதானா! எங்க ஊர்ல சிப்பிப் பணத்தை அளந்து போட்டா வழக்கு முடிஞ்சுது, கை குலுக்கிட்டுப் போவோம். இதுக்குப் போயி எவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்றீங்க, மலைக்காரங்க!"

தோகவாங் கடற்கரைக்காரர், தோலாய் இனம். அங்கே கொடுத்தால் முடிந்தது. மலையில் அப்படி இல்லை. இங்கே கொடுத்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும். பன்றியை நீட்டுகிறவன், 'செய்தவன் நான்தான்' என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்கிறான். செத்ததற்கு ஈடு என்னவென்று அதன் பிறகுதான் கேட்பார்கள். இதைச் சொல்ல ரோவினா வாயைத் திறந்தாள். 'மலைக்காரங்க' என்ற சொல் காதில் குடைந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமா தலைவரே. முதல்ல அதைத்தான் கொண்டாரணும்" என்றாள். சொன்னது பொய் இல்லை.

சனிக்கிழமை இரண்டு லாரி வந்தது. ஏழெட்டுப் பன்றிகள், அரிசி மூட்டைகள், மீன் டப்பா, கலர் பாட்டில் பெட்டிகள். தோகவாங் சட்டையைப் புதிதாகத் தேய்த்துப் போட்டிருந்தார். கார்மோடி தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கூடவே இறங்கி, முகமெல்லாம் களிமண் பூசிய ஐநூறு அறுநூறு பேரைப் பார்த்து, "ரொம்ப அற்புதமா இருக்கு" என்று போட்டோ எடுத்தார். ரோவினா அந்தக் கேமராவைப் பிடுங்கி எறியாமல் இருந்ததே பெரிய விஷயம்.

தோகவாங் மைக்கை வாங்கினார். "என் சொந்தங்களே! உங்க வயிறு எரியுதுன்னு எனக்குத் தெரியும். அதைக் குளிர வைக்க வந்திருக்கேன். இதை ஏத்துக்குங்க" என்றார். முதல் பன்றியின் கயிற்றைத் தன் கையாலேயே லூகாவிடம் நீட்டினார்.

லூகா கயிற்றை வாங்கிக்கொண்டார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. தோகவாங் திரும்பிக் கார்மோடியின் முதுகில் தட்டினார். "முடிஞ்சுது. பசங்களை இறங்கச் சொல்லுங்க."

"எங்க போறீங்க தலைவரே? உக்காருங்க, இப்பதானே ஆரம்பிச்சிருக்கு" என்றார் லூகா.

"அதான் குடுத்துட்டேனே?"

"குடுத்தீங்க. சந்தோஷம். மேட்சைக் கொன்னது நீங்கதான்னு ஊரே பார்க்க ஒத்துக்கிட்டீங்க. இனிமே ஈட்டைப் பத்திப் பேசுவோம். செத்தது மேட்சு, ஈடும் மேட்சுதான். பன்னியால அடையாது."

தோகவாங்கின் முகம் சுருங்கியது. ரோவினாவின் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க சிட்னிக்குச் சரின்னு சொன்னப்போ என்கிட்ட சொன்னீங்களா?"

கார்மோடிக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் புரிந்த பாதியே போதுமாக இருந்தது. "ரோவினா, சிட்னின்னு அறிவிச்சாச்சு. டிவிக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. இதெல்லாம் இப்போ நடக்காது" என்றார். பிறகு மைதானத்தைப் பார்த்து, "நான் பார்க்க வந்த பசங்க எங்கே?" என்றார்.

ரோவினா கையை நீட்டிக் காட்டினாள். தார்ப்பாய்க்கு அடியில், பெண்களுக்குப் பின்னால், தேசிய அணியில் ஹூக்கராக ஆடுகிற பையன் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில், மைதான ஓரங்களில் ஓடுகிற இரண்டு விங்கர்கள். அதற்குப் பின்னால் முரட்டு முன்வரிசை முழுசாக. எல்லார் முகத்திலும் களிமண்.

"இவங்க எப்போ எழுந்திருப்பாங்க?"

"ஈடு வந்தா."

"இவங்க இல்லாம சிட்னியில யார் ஆடுறது?"

"நீங்களும் தலைவரும் ஆடுங்க. டிவிக்கு நல்லது."

பக்கத்தில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கார்மோடி கண்ணாடியைக் கழற்றினார். தோகவாங்கைத் தனியே இழுத்துக்கொண்டு போய், கோல் கம்பத்தடியில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். தோகவாங்கும் ஆட்டினார். வெயில் ஏறிக்கொண்டே போனது. பன்றிகள் கத்தின. ஒப்பாரி ஒரு கணமும் நிற்கவில்லை.

கடைசியில் தோகவாங் வந்து மைக்கைப் பிடித்தார். குரலில் பழைய தேன் இல்லை. "மேட்ச் கொரோகாவுலதான். ஜூன்ல. டோங்காவோட. குழு செயலாளரும் ஒத்துக்கிட்டாரு." மைக்கைக் கீழே வைத்துவிட்டு ரோவினாவின் காதருகே குனிந்தார். "உன் சனிக்கிழமையை நீயே வச்சுக்கோ. ஆனா திங்கட்கிழமை ஆபீஸ் பக்கம் உன் தலை தெரியக் கூடாது."

"அட்டவணை போட்டாச்சு. அங்க எனக்கு இனிமே என்ன வேலை?" என்றாள் ரோவினா. அவளுக்கு வேலை போன பயம் இல்லை, கோபம். ஒரு வார்த்தையைக் காப்பாற்ற வைக்க ஒரு ஊரே மண்ணைப் பூசிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறதே என்ற கோபம்.

கார்மோடி அவளிடம் வந்தார். வியர்த்திருந்தார், களைத்திருந்தார். தார்ப்பாயைக் காட்டி, "அதான் மேட்சைக் குடுத்தாச்சே. இன்னும் ஏன் அழறாங்க? நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

"குடுத்தேன்னு வாயாலதான் சொல்லியிருக்கீங்க. முன்னாடி ரெண்டு தடவை இப்படிச் சொன்னதையும் இவங்க கேட்டாங்க, நான்தான் வந்து சொன்னேன்" என்றாள் ரோவினா. "உங்க விமானம் இங்க இறங்கி, டோங்காக்காரன் இந்த மண்ணுல பந்தை உதைக்கட்டும். அப்புறம் நிறுத்துவோம்."

செருப்பைக் கழற்றினாள். வாளியிலிருந்து இரண்டு கையாலும் களிமண்ணை அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டு, பெண்களுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் பாட்டின் அடுத்த அடியை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். ரோவினா வாயைத் திறந்தாள், மூன்று வருடமாக வராத அழுகை வந்தது.