வாலில் பதிந்த பல்தடம்

அருங்காட்சியகத்தின் பின்புறக் கொட்டகையில் சிற்பியும் அவள் அண்ணனும் ஒரு டைனோசரை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். கிடைத்திருந்தவை கீழ்த்தாடையில் பாதி, கழுத்தெலும்புகள் சில, ஒரு தொடையெலும்பு, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதற்கு நெருங்கிய இன விலங்குகளைப் பார்த்து அவள் ஊகித்தது. அண்ணன் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்துச் சட்டம் கட்டுவான். அவள் அதன்மேல் களிமண்ணை அப்பித் தசை ஏற்றுவாள்.

"வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கணும். பார்க்கிறவனுக்குக் குலை நடுங்கணும்" என்று காப்பாட்சியர் சொல்லியிருந்தார். அப்படியே செய்தாள். தலை கூரையைத் தொட்டது. அண்ணன் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தான். "உனக்கு ஏத்த ஆளு. உன்னை மாதிரியே வாயை மூடாது" என்பான்.

வண்ணம் பூசத் தொடங்கிய வாரம், அந்த எலும்புகளைத் தோண்டியெடுத்த ஆய்வாளர் அம்மா ஒரு பெட்டியோடு வந்தார். அதே குழியில் வாலெலும்புகள் அகப்பட்டிருந்தன. பெட்டிக்குள் இருந்த பஞ்சை விலக்கி, ஒரு எலும்பை எடுத்துச் சிற்பியின் கையில் கொடுத்தார். அதன் குறுக்கே ஆழமான பள்ளங்கள் ஓடின.

"பல்லு பட்ட தடம்" என்றார்.

"இதே இனத்துல இன்னொண்ணு கடிச்சிருக்குமா மேடம்?"

ஆய்வாளர் தாடையை எடுத்து அருகில் வைத்துக் காட்டினார். மாப்பிள்ளையின் பற்கள் மூன்று ஒரே பள்ளத்துக்குள் அடங்கின.

"அப்போ எது கடிச்சது?"

"தெரியலம்மா. அந்தப் பாறையில இதைவிடப் பெருசா எதோட எலும்பும் கிடைக்கல. இந்தத் தடம் மட்டும்தான் இருக்கு."

"காயம் ஆறியிருக்கா?"

"இல்ல. ஆறுற வரைக்கும் அது உயிரோட இல்ல."

அண்ணன் எலும்பை வாங்கிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தான். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. பிளந்த வாயைப் பார்க்கப் பார்க்க வெறும் வீம்பாகத் தெரிந்தது. மறுநாள் காலை அண்ணனிடம், "கழுத்துக் கம்பியை அறுத்துடு" என்றாள்.

"விளையாடுறியா? எத்தனை மாச உழைப்பு."

"அறுண்ணா. தலை பின்னாடி திரும்பணும்."

முணுமுணுத்துக்கொண்டே அறுத்தான். முழங்கால்களை மடக்கினார்கள். உடல் தரையோடு பதுங்கியது. வாய் மூடிக்கொண்டது. கண்களை மட்டும் அவள் நாலைந்து முறை பிடுங்கிப் பிடுங்கி வைத்தாள்.

காப்பாட்சியர் வந்து பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா இது, பயந்துபோய் நிக்குது? இதைப் பார்க்க யார் வருவா?" ஆனால் திறப்பு விழா அழைப்பிதழ்கள் போய்விட்டன. வேறு வழியில்லை.

திறந்த அன்று கூட்டம் நெரிந்தது, சத்தம்தான் இல்லை. உள்ளே வந்தவர்கள் விலங்கை ஒரு கணம் பார்த்தார்கள். பிறகு அது பார்க்கும் பக்கம் திரும்பினார்கள். அங்கே வெறும் சுவர். ஒரு சிறுமி தாயின் கையை இழுத்து, "அங்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, வா" என்ற தாய், மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள்.

காப்பாட்சியருக்கு ஒரே மகிழ்ச்சி. "கடிச்சதையும் செஞ்சிடும்மா. பக்கத்துலயே நிறுத்திடலாம்."

"ஒரு எலும்புகூட இல்லாம எப்படி சார்?" என்றாள் சிற்பி. அது மட்டும் காரணமில்லை என்று அண்ணனுக்குத் தெரியும்.

அடுத்த வாரம், கொட்டகையின் நடுவில் கிடந்த தன் மேசையை முதுகுக்குப் பின்னால் சுவர் வரும்படி ஓரமாக இழுத்தாள். அண்ணன் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினான்.