தடம் தெரியாத கதவு

மனித நாகரிகத்தின் உச்சம் தூரிகைத் தடம் தெரியாத ஜன்னல் கதவுதான் என்பது ஒனோரேயின் முடிவான கருத்து. நெருப்பு, சக்கரம், பாலாடைக்கட்டி எல்லாம் அதற்கான முன்னேற்பாடுகள். தெற்குப் பிரான்சில் அல்பீய் மலையடிவாரத்து வீடுகளுக்கு நாற்பத்தோரு ஆண்டுகள் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்றவர். சொல்ல உரிமை இருந்தது.

ஆனால் புதன்கிழமைதோறும் ஊர் மன்றத்தில் அவர் சேர்ந்திருந்த ஓவிய வகுப்பு, தடத்தைத்தான் கும்பிட்டது. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் வந்து சைப்ரஸ் மரத்தைத் தீ மாதிரி தீட்டிவிட்டுப் போன ஓவியர்களின் பாணி. எண்ணெய் வண்ணத்தைக் கெட்டியாக அப்பி, கோடு கோடாக அப்படியே விட்டுவிட வேண்டும்.

"என்ன அன்செல்ம், ரொட்டிக்கு வெண்ணெய் தடவுறியா?" என்றார் ஒனோரே.

"உன் வானத்துக்குக் கீல் மாட்டியாச்சா மேஸ்திரி? தெறந்து மூடுமா?" என்றார் பழைய தபால்காரர் அன்செல்ம்.

ஆசிரியை சொலாஞ்ச் வந்து நின்றாள். "ஒனோரே ஐயா, ரெண்டு மாசமா உங்க ஆலிவ் தோப்பெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரியே இருக்கு. காத்து எங்க?"

"காத்தடிச்சா கதவச் சாத்திடணும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ஒரு டீச்சரம்மா இடம் கேட்டுக் காத்திருக்காங்க. அடுத்த புதன் உங்க தடம் தெரியற மாதிரி ஒரே ஒரு படம் கொண்டுவாங்க. இல்லேன்னா இடத்த அவங்களுக்கு விட்டுடுங்க."

"என் தடம் போலீசுக்கே கெடைக்காது," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மனைவி பெர்த் இறந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. வியாழனிலிருந்து செவ்வாய் வரை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. ரொட்டிக்கடையில் "அடுத்தவங்க" என்பார்கள். அதையே தன் பெயர் போல எண்ணித் திரும்பப் பழகியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மிஸ்த்ரால் காற்று பேயாய் அடித்தது. ஓவியச் சட்டம் சாயாதபடி அதில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கொல்லையில் நின்று எதிர்த் தோப்பை வரைந்தார். கை தானாகத் தேய்த்துத் தேய்த்து மழுங்க வைத்தது. மதியத்துக்குள் கித்தானில் அருமையான கதவு ஒன்று தயாராகிவிட்டது.

சமையலறை ஜன்னல் கதவு படார் என்று அடித்துக்கொண்டது. கொக்கியை மாட்டக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழ்ப் பட்டைகள் மூன்று. அவர் கை ஒடிந்து கிடந்த வருஷம் பெர்த் பெயின்ட் அடித்தவை.

"கோழி சீய்ச்ச மாதிரி இருக்குடி," என்று அன்று சொன்னார்.

"நான் செத்தப்புறம் தேய்ச்சுக்க," என்றாள்.

அதன்பின் எத்தனையோ முறை உப்புத்தாளோடு வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் வேறு வேலை வந்துவிட்டது.

விரலை வைத்துப் பார்த்தார். இடமிருந்து வலம், நடுவில் ஒரு நிறுத்தம். அங்கே மூச்சு வாங்கியிருக்கிறாள். பிறகு மறுபடி கிளம்பி, ஓரத்தில் சட்டென்று மேலே தூக்கியிருக்கிறாள். அவசரக்காரி.

கொல்லைக்குத் திரும்பினார். பச்சையைக் கெட்டியாக எடுத்து ஆலிவ் மரத்தின்மேல் ஒரு இழுப்பு. நடுவில் நிறுத்தம், ஓரத்தில் ஒரு தூக்கல். தேய்ப்பதற்கு இடக்கை பழக்கதோஷத்தில் காய்ந்த பிரஷை நீட்டியது. அதைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் திரும்பினார். பார்க்க யாரும் இல்லை.

இரண்டாவது கோட்டைப் போட்டார்.