கத்திக்கு முந்தியே

இவாஞ்சலினுக்குக் கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. பெங்களூரிலிருந்து ராயப்பன்பட்டிக்கு வந்ததிலிருந்து வீட்டுக்கும் திராட்சைப் பந்தலுக்கும் நடையாய் நடக்கிறாள். அப்பா மிக்கேலுக்குக் கணையத்தில் புற்றுநோய். வேறெங்கும் பரவியதாக ஸ்கேனில் தெரியவில்லை, உடனே வெட்டி எடுத்துவிடலாம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். மனுஷன்தான் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார்.

அந்த நோய் எப்படிப் பரவுகிறது என்றுதான் அவள் ஆய்வுக்கூடத்தில் ஆராய்கிறாள். கூத்தைப் பாருங்கள், ஊர் உலகத்தையெல்லாம் விட்டுவிட்டு அது அவள் வீட்டிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

மிக்கேலின் பிடிவாதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பனி ஈரத்தில் திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டினால் சீக்கு வெட்டுகிற கத்தரியோடு சேர்ந்து கொடிக்குக் கொடி தாவும். ஒரு வருஷம் அப்படி ஒரு பந்தலையே பறிகொடுத்தவர் அவர். அன்றிலிருந்து உடம்பும் அவருக்குப் பந்தல்தான், கத்தி பட்டால் சீக்கு பரவும்.

“பக்கத்துத் தோட்டத்துக் காமராஜுக்கும் இதே சீக்குதான். நல்லா நடமாடிக்கிட்டுத்தான் இருந்தான். கத்தி வச்சாக. ஈரல் பூரா பரவிருச்சு. நானும் அப்படிப் போகணுமா?”

“கத்தியால இல்லப்பா. அதுக்கு முந்தியே பரவியிருக்கும்.”

“அது எப்படி?”

பந்தலுக்கடியில் அவர் எதிரே குத்துக்காலிட்டுச் சொன்னாள். “செல்லெல்லாம் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு இருக்க ஒரு புரதம் இருக்குப்பா. சீக்கு வந்த செல்லு அதைச் செய்யிறதைக் குறைச்சிரும். பிடி விட்டதும் நகர ஆரம்பிச்சு ரத்தத்துல ஏறிரும். அதை விட மோசம் ஒண்ணு இருக்கு. தான் கிளம்புறதுக்கு முந்தியே, கண்ணுக்குத் தெரியாத பொட்டலமாச் சில சரக்கை ஈரலுக்கு அனுப்பி, அங்கன இடத்தைத் தயார் பண்ணி வச்சிரும்.”

“நாத்து வர்றதுக்கு முந்தி குழி வெட்டி எருப் போடுற மாதிரியா?”

“ஆமாப்பா. அதான் நாளைக் கடத்த வேணாங்கிறேன்.”

மிக்கேல் கையிலிருந்த கத்தரியைத் திருப்பிப் பார்த்தார். “எனக்கும் ஈரல்ல குழி வெட்டியிருக்குமா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். வாய்வரைக்கும் வந்துவிட்டது.

“தெரியலப்பா. அம்புட்டுச் சின்னது ஸ்கேன்ல தெரியாது” என்றாள்.

“பார்க்க வந்தவுக எல்லாரும் ஒண்ணும் ஆகாதுன்னாக. நீ ஒருத்திதான் தெரியலங்கிற.” கத்தரியைப் பந்தல் கம்பியில் மாட்டினார். “சரி ஆத்தா, போவோம். ஈரம் காஞ்சு வெயில் ஏறுனப்பறம் வெட்டச் சொல்லு.”

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மதுரையில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனவரைச் சீக்கிரமே வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். இத்தனை பெரிய ஆபரேஷன் இவ்வளவு சுருக்கில் முடிந்துவிடாது. இவாஞ்சலின் டாக்டரைத் தேடி ஓடினாள். ஈரலில் குருணை அரிசி மாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருந்தன, கணையத்தில் கை வைக்காமல் தையல் போட்டு மூடிவிட்டோம், இனி மருந்துதான் என்றார் டாக்டர்.

அம்மா ஜெயமேரி வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டாள். “நல்லா இருந்த மனுஷனக் கூட்டியாந்து கத்தி வைக்க வச்சிட்டியேடி. வேணாம் வேணாம்னு அவுக சொன்னாகளே, கேட்டியா?”

இவாஞ்சலின் மாநாட்டு மேடைகளில் மணிக்கணக்காகப் பேசுகிறவள்தான். இப்போது வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் அப்பாவுக்கு நன்றாக நினைவு திரும்பியதும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஜெயமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மகளைத் திட்டத் தொடங்கினாள். மிக்கேல் ஊசி குத்திய கையைத் தூக்கித் தடுத்தார்.

“பிள்ளைய வையாத, ஜெயமேரி. கத்தி வைக்கிறதுக்கு முந்தியே அங்கன குழி வெட்டி வச்சிருச்சு. அவ எங்கிட்டச் சொல்லித்தான் கூட்டியாந்தா.” மூச்சு வாங்கியது. “ஊர்ல யாரு கேட்டாலும் நீயும் இதையே சொல்லு. நான் போனப்பறம் கத்தியாலதான் போனேன்னு இவள ஒருத்தரும் பேசிரக் கூடாது.”

இவாஞ்சலின் கட்டிலோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.